நின்றுபோகும் இதயமும் நாட்டின் இழப்பும்

ஒரு நோயினால் ஒரு நாட்டுக்கு ஏற்படும் இழப்பை எவ்வாறு அளப்பது? மருத்துவமனைக் கட்டணம், மருந்துச் செலவு, படுத்திருந்த நாட்களின் சம்பள இழப்பு ஆகியவற்றைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். நீண்ட நாள் நீடிக்கும் நோய்களுக்கு இம்முறை ஓரளவு பொருந்தும். ஆனால் திடீர் இதய நிறுத்தத்தை இந்தத் தராசில் நிறுத்தால், அது மிக மலிவான நோயாகவே தெரியும். காரணம் விந்தையானது: அதற்கு ஆளானவர்களில் மிகப் பலர் மருத்துவமனைப் படுக்கையை அடைவதே இல்லை. இறந்தவருக்கு மருந்துச் சீட்டு ஏது?

இந்நோயைப் பற்றிய கணக்குகள் விரிவாகக் கிடைக்கும் நாடு அமெரிக்கா. அங்கு மருத்துவமனைக்கு வெளியே ஆண்டுதோறும் சுமார் 3,50,000 பேருக்கு இதயம் நின்றுபோகிறது. பிழைத்து வீடு திரும்புவோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. எனவே ஆய்வாளர்கள் இழந்த ஆயுளை ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்த்தனர். 75 வயது வரை வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர் 50 வயதில் இறந்தால் இழப்பு 25 ஆண்டுகள். 2014-ல் வெளியான ஒரு கணக்கின்படி, அந்நாட்டில் திடீர் இதய இறப்பினால் ஓராண்டில் ஆண்கள் இழப்பது சுமார் 20 லட்சம் ஆண்டுகள். பெண்கள் இழப்பது சுமார் 13 லட்சம் ஆண்டுகள். எந்தத் தனி வகைப் புற்றுநோயும் இவ்வளவு ஆயுளைப் பறிப்பதில்லை. பணமாகக் கணக்கிட்டவர்களும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் இவ்வாறு இறந்தவர்கள் உயிருடன் இருந்து உழைத்திருந்தால், அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 1,100 கோடி டாலர் மதிப்புள்ள உழைப்பு நாட்டுக்குக் கிடைத்திருக்கும். அவர்களுடைய எஞ்சிய ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால் தொகை 15,000 கோடி டாலரை எட்டுகிறது. உயிரை டாலரில் எடைபோடுவது எனக்கு உவப்பான வேலையன்று. எனினும் நிதி ஒதுக்குவோர் கண்ணுக்கு எண்கள்தாம் முதலில் படுகின்றன.

இனி, இதய நிறுத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். இதனை மாரடைப்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். இரண்டும் வேறு. மாரடைப்பு என்பது குழாய்க் கோளாறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி அடைபடுகிறது. இதய நிறுத்தமோ பெரும்பாலும் மின் கோளாறு. முன்னது பின்னதை உண்டாக்கலாம் என்பதால்தான் குழப்பம் நேர்கிறது.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு கணுவிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 70 முறை மின் துடிப்பு புறப்படுகிறது. அது ஒழுங்கான அலையாகப் பரவும்போது தசைநார்கள் ஒன்றாகச் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. சில வேளைகளில் இந்த அலை உடைந்து, கீழறைகளில் பல சுழல்களாகத் தன்னைத்தானே துரத்திக்கொண்டு ஓடத் தொடங்குகிறது. அப்போது நார்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் நடுங்குகின்றன. தேர் இழுக்கும் ஆயிரம் பேர் ஆளுக்கொரு திசையில் வடத்தை இழுத்தால் என்ன ஆகும்? வியர்வை கொட்டும், தேர் நகராது. இரத்த ஓட்டம் நிற்கிறது. சில விநாடிகளில் நினைவு தப்புகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்குகிறது.

இந்த நடுக்கத்தை நிறுத்த ஒரு வழி, எல்லா நார்களையும் ஒரே நொடியில் மின்சாரத்தால் உலுக்கி அடக்கிவிடுவது. அதன்பின் பழைய கணு மீண்டும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். இதற்கான கருவியின் உயிர்நாடி, பள்ளிப் பாடத்தில் வரும் மின்தேக்கியே. 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 2,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் தேங்கும் ஆற்றல் 200 ஜூல். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல்தான் அது. ஆனால் ஏறக்குறைய நூறில் ஒரு விநாடிக்குள் அது மார்பின் வழியே பாய்கிறது. நம் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். அதாவது ஒரு யூனிட்டில் இத்தகைய 18,000 அதிர்ச்சிகளைக் கொடுக்கலாம்! சிகிச்சைக்கு வேண்டிய மின்சாரம் காசு பெறாது. விலை முழுவதும் காலத்தில் இருக்கிறது. எந்த உதவியும் கிடைக்காதபோது, கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைத்துவிடுகிறது.

கருவி வரும்வரை காலத்தை நீட்டித்துக் கொடுப்பது மனிதக் கை. மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் இதனால் கிடைக்கும். ஆயினும் மூளையைக் காக்க அது பெரிதும் உதவுகிறது. 1960-ல் இம்முறையை உலகறியச் செய்த மூவரில் கௌவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின் பொறியாளர். மின்சாரம் தாக்கி இறந்துகொண்டிருந்த லைன்மேன்களின் பிரச்சினையே அவரை இத்துறைக்குள் கொண்டுவந்தது.

அதிர்ச்சிக் கருவி நெடுநாள் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது. 1965-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பேன்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் கார் பேட்டரிகளைக் கொண்டு அதை ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை சுமார் 70 கிலோ! மூன்றே ஆண்டுகளில் 3 கிலோ அளவிலான கருவியும் வந்தது. இன்று அது இதயத்தின் தாளத்தைத் தானே ஆராய்ந்து, தேவையென்றால் மட்டுமே அதிர்ச்சி தரும் பெட்டியாகிவிட்டது; பயிற்சியற்றவரும் இயக்கலாம்.

அதன் ஆற்றலுக்குச் சான்று கிடைத்த இடம் சற்று வேடிக்கையானது: அமெரிக்கச் சூதாட்ட விடுதிகள். அங்கே பாதுகாவலர்களுக்கு இக்கருவியைப் பழக்கியிருந்தனர். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, கண்ணெதிரே சரிந்து விழுந்து, மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் பிழைத்தனர். அதற்குமேல் தாமதித்தபோது 49 பேர். அங்கு எங்கும் காமிராக் கண்கள் உண்டு. விழுந்தவர் உடனே கண்ணில் படுவார்.

ஒரு நாடு முழுவதும் இது நடக்குமா? டென்மார்க் முயன்று பார்த்தது. 2005-ல் பள்ளிகளிலும், 2006-ல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் மார்பு அழுத்தப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 2001-ல் அருகிலிருந்தோர் உதவிக்கு வந்தது நூற்றுக்கு 21 நிகழ்ச்சிகளில். 2010-ல் ஏறத்தாழ 45-ல். முப்பது நாட்களுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 3.5-லிருந்து 10.8 ஆக உயர்ந்தனர். பயிற்சி ஒன்றே இதற்குக் காரணம் என்று கூற முடியாது. அதே காலத்தில் ஆம்புலன்ஸ் பணியும் மருத்துவமனைச் சிகிச்சையும் சீர்பட்டன. பொருளாதாரக் கணக்குக்கு இன்னொரு செய்தி முக்கியம். முன்பு வேலையில் இருந்து, பிழைத்தும் எழுந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் அங்கே மீண்டும் வேலைக்குச் சென்றனர். பிழைத்தவர் எல்லாரும் குடும்பத்துக்குச் சுமையாவர் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரமில்லை. எனினும் மூளை பழுதுபட்டு, வேலைக்குத் திரும்ப முடியாமல் போனவர்களும் உண்டு. அவர்களைப் பேணும் வீட்டாரின் உழைப்பு எந்தக் கணக்கில் ஏறும்?

ஆனால் ஒன்றில் டென்மார்க்கும் பின்தங்கியே இருந்தது. ஆம்புலன்ஸ் வருமுன் அருகிலிருந்தோர் அதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தியது 2010-லும் நூற்றுக்கு 2.2 நிகழ்ச்சிகளில் மட்டுமே. பெட்டிகள் பொது இடங்களில் தொங்கின. இதயங்கள் பெரும்பாலும் வீடுகளில் நின்றன. சூதாட்ட விடுதியின் பாதுகாவலர் வீட்டுக்குள் இல்லையே! இந்த இடைவெளியைக் குறைக்க 2017-ல் கோபன்ஹேகன் வட்டாரத்தில் ஒரு ஏற்பாடு தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. அவசர உதவி மையத்துக்கு அழைப்பு வந்ததும், அருகில் இருக்கும் தொண்டர்களின் கைபேசிகள் ஒலிக்கின்றன. சிலர் நேராக நோயாளியின் வீட்டுக்கு ஓடுகின்றனர். சிலர் மிக அருகிலுள்ள பெட்டியை எடுத்துக்கொண்டு பின்தொடர்கின்றனர்.