புத்தகத்துக்குத் தனி ரேட்!



நம்ம ஸ்கூல் லைப்ரரியில் போட்டித் தேர்வுப் புத்தகம் ஒன்றை மூணு பேர் மாத்தி மாத்திப் படிக்கிறோம். படிச்சு முடிச்சுட்டு வெளியூர் போன அண்ணன்மார், அக்காமார் வீட்டுப் பரணில் அதே புத்தகங்கள் சும்மா கிடக்கு. கேட்டால், "அனுப்புற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்கிறார்கள். அது உண்மையா என்று விசாரித்துப் பார்த்தேன். இல்லவே இல்லை!

அறிவு நாலு பேருக்குப் பரவட்டும் என்றுதான் அஞ்சல் துறை புத்தகத்துக்குச் சலுகைக் கட்டணம் வைத்திருக்கிறது. முன்பு இருந்த பதிவு அச்சுப் புத்தகச் சேவை 2024 டிசம்பரில் நின்றுபோனது. அதன் பிறகு 2025 மே 1-ல் 'ஞான் போஸ்ட்' வந்தது. தொடங்கியபோது அறிவித்த கட்டணம்: 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சமான 5 கிலோவுக்கு 100 ரூபாய். வரி தனி.

இப்போ கணக்குப் போடுங்க. 300 கிராம் புத்தகத்தைத் தனியாக அனுப்பினால் கிலோவுக்கு ஏறக்குறைய 67 ரூபாய் ஆகுது. 5 கிலோவாகச் சேர்த்துக் கட்டினால் கிலோவுக்கு 20 ரூபாய்தான்! அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கட்டாக அனுப்புவதே லாபம்.

கவனிக்க வேண்டியவை:

1. பாடப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம், சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்கள் அனுப்பலாம். வார, மாத இதழ்களும் விளம்பரங்களும் கூடாது.
2. புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும்.
3. தரை வழியாகத்தான் போகும், அவசரத்துக்கு ஆகாது. ஆனால் எங்கே போகுதுன்னு பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 1938-லேயே புத்தகத்துக்கு ஒரு பவுண்டுக்கு ஒன்றரை சென்ட் என்று குறைத்தார்கள். இன்று அதன் பெயர் 'மீடியா மெயில்'. சிடி, டிவிடிகூட அதில் போகும். நம் நாட்டிலோ, பார்வையற்றோர் படிக்கும் பிரெய்ல் புத்தகங்களைத் தரை வழியாக அனுப்ப அஞ்சல் கட்டணமே கிடையாது!

ஆகவே, உங்களுக்குத் தெரிந்த பழைய மாணவர்களிடம் இதைச் சொல்லுங்க. கவுண்டரில் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்க. ஒரு கட்டு வந்தாலும் போதும், மூணு பேருக்கு ஒரு புத்தகம் என்பது மாறிவிடும்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவன்