வளர்ந்தோரும் கிற்றாரும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது நம்மவர் வழக்கம். இக்கேள்வியைப் பிறர் கேட்பதைக் காட்டிலும், நடுவயதில் ஒரு வாத்தியத்தை மடியில் ஏந்தியவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதுதான் அதிகம். விடை வருமுன்னரே அவர் வாத்தியத்தை உறையிலிட்டு மூலையிற் சாத்திவிடுகின்றார். அமெரிக்காவில் புகழ்பெற்ற கிற்றார் உற்பத்தியாளரான ஃபெண்டர் நிறுவனத்திற்குத் தலைமை வகித்த ஆண்டி மூனி, கிற்றார் பழகத் தொடங்குவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் முதலாண்டு முடிவதற்குள் அதனைக் கைவிடுகின்றனர் என்று கூறியுள்ளார். வாத்தியத்தை விற்பவரே இங்ஙனம் கூறுவாராயின், அதனை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியில் தாராபுரம் என்னும் ஊர் உண்டு. அவ்வூரில் 45 வயதுள்ள வணிகர் ஒருவர் இருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு கிற்றாரைக் கொடுத்துச் செல்கின்றார். இக்கரைக்கு அக்கருவி முற்றிலும் அந்நியமானதன்று. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரோடு அவர்களுடைய இசையும் இலங்கைக் கரைகளில் இறங்கிற்று. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் திருமணங்களிலும், நாடெங்கும் ஒலிக்கும் பைலாப் பாடல்களிலும் அதன் சாயலை இன்றும் கேட்கலாம். ஆயினும் வணிகருக்கு வரலாறு கைகொடுப்பதில்லை. கடையை அடைத்து வந்து, இரவு உணவின்பின் கருவியை எடுத்தால், பத்தாவது நிமிடத்தில் விரல்நுனி எரிகின்றது. உள்ளேயிருந்து பிள்ளை, "வாப்பா, அது என்ன பாட்டு?" என்று கேட்கின்றது. அது பாட்டே அன்று என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அவருடைய முதல் தடை உடலைப் பற்றியது. உருக்குத் தந்திகள் பூட்டிய கிற்றாரில், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு ஒப்பான இழுவிசையோடு நிற்கின்றன. நைலோன் தந்திகளில் இவ்விழுவிசை மிகக் குறைவு. மென்மையான விரல்நுனி உருக்குக் கம்பியை மெட்டின்மீது அழுத்துகையில் வலிப்பது இயல்பே. நாள்தோறும் சிறிது நேரம் பழகினால், சில வாரங்களில் அவ்விடத்துத் தோல் தடித்து, வலி தானே ஒழியும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் அழுத்திவிட்டு ஒரு வாரம் ஓய்ந்திருப்பவருக்கோ, ஒவ்வொரு முறையும் வலி புதிதாகவே பிறக்கும்.

பழகுவோனின் குற்றம் என்று எண்ணப்படுவது பல வேளைகளில் கருவியின் குற்றமாகவும் இருக்கக்கூடும். உருக்குத் தந்திக் கிற்றாரின் 12ஆம் மெட்டில், மெட்டுக்கும் தந்திக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி இருத்தல் போதும். அதற்கு மிக மேற்பட்டால் தேர்ந்த கலைஞரும் திணறுவர். கடற்கரை ஊர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. உப்புக்காற்று உருக்குத் தந்தியை விரைவிலே துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய தந்தி விரலை அறுக்கும், நாதமும் மங்கும். வாசித்து முடிந்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து, கருவியை உறையில் வைத்தல் நன்று. சுருதி பிசகிய கருவியில் சரியாக வாசித்தாலும் பிழையாகவே கேட்கும். ஆகையால், நாள்தோறும் முதலிற் செய்ய வேண்டியது சுருதி சேர்த்தலே. கைத்தொலைபேசிச் செயலிகள் இதனை இன்று எளிதாக்கியுள்ளன.

இரண்டாவது தடை முதலாவதைவிடக் கடியது. வளர்ந்தோரின் காதுக்கு வயது அதிகம். கைக்கோ வயது ஒரு நாள். நாற்பதாண்டுகளாக வானொலியிலும் திரைப்படத்திலும் நல்ல இசையைக் கேட்டுப் பழகிய செவி, தன் கை எழுப்பும் ஒலியைக் கேட்டு நாணுகின்றது. சிறுபிள்ளைக்கு இந்நாணம் இல்லை. ஒரே அடியை நூறுமுறை தவறாக வாசித்தும் அது மகிழும். இருவருக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு திறமையிலன்று. தம் பிழையைத் தாம் கேட்டுப் பொறுக்கும் ஆற்றலில் உள்ளது. வளர்ந்தோர் இதனை உணர்ந்துவிட்டால், தமக்கு இசை வராது என்று தாமே தீர்ப்பெழுதிக்கொள்ள மாட்டார்.

ஆயினும், முதிர்ந்த மூளை புதியதை ஏற்குமா என்ற ஐயம் எஞ்சி நிற்கும். இதற்கு விடை தருவது கூகையைப் பற்றிய ஓர் ஆய்வு. இருளில் இரையைக் காதாலும் கண்ணாலும் குறிபார்க்கும் அப்பறவைக்கு, காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் கண்ணாடிகளை ஆய்வாளர் அணிவித்தனர். இளங் கூகைகள் பழகிக்கொண்டன. முதிர்ந்தவை பெரிதும் திணறின. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங்கன்ஹோக்கர், நட்சன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அதே மாற்றத்தை ஒரேயடியாகச் சுமத்தாது சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றபோது, முதிர்ந்த கூகைகளும் பெருமளவு பழகிக்கொண்டதைக் காட்டினர். ஐம்பதிலும் வளையும், ஆனால் ஒரேயடியாக வளைக்கலாகாது என்பதே இதன் பொருள். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உளவியற் பேராசிரியராயிருந்த கேரி மார்க்கஸ், தாளமே பிடிபடாதவர் எனத் தம்மைக் கருதியிருந்தும், நாற்பது வயதை அண்மித்தபோது கிற்றார் பழகத் தொடங்கினார். அவ்வனுபவத்தை 2012இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்த அவர், இக்கூகைகளின் கதையையும் அங்கே எடுத்துக்காட்டினார்.

சிறிது சிறிதாக என்பதன் செயல்முறை எப்படி? முதல் வாரத்தில், பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டு ஒன்றை மட்டும் பழகலாம். 'ஈ மைனர்' என்னும் கூட்டுக்கு இரண்டு விரல்களே போதும். அடுத்த வாரம் இன்னொன்று. அதன்பின் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு விரல்களை மெதுவாக மாற்றுதல். இவ்விரண்டைக்கொண்டே தமக்குத் தெரிந்த எளிய மெட்டொன்றுக்குத் துணைவாசிப்புச் செய்து பார்க்கலாம். ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்தும் 'எஃப்' கூட்டிலே பலர் மனமுடைகின்றனர். அதனைப் பல மாதங்களுக்குப்பின் நாடினால் நட்டமொன்றுமில்லை. முழுமையாக வாசித்த எளிய பாட்டொன்று, பாதியில் நின்ற பத்து அரிய பாட்டுகளைக் காட்டிலும் அதிக ஊக்கம் தரும்.

கால அளவிலும் இதே நெறி பொருந்தும். இடைவெளி விட்டுப் பலமுறை கற்பது, ஒரே மூச்சிற் கற்பதைவிட நெடுநாள் நிலைக்கும் என்பதை ஜேர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இலேயே நினைவாற்றற் சோதனைகளாற் கண்டறிந்தார். நாளொன்றுக்கு 15 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்றால், மாதத்திற்கு ஆறு மணி நேரம் சேரும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி முதலியோர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பான பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் சென்றன. சிலருக்கு 18 நாள் போதுமாயிற்று. வேறு சிலருக்கு 254 நாள் வரை வேண்டியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று. ஒரு நாள் தவறியதை ஓராண்டு தவறியதாக எண்ணிச் சோர்வோர்க்கு இஃது ஆறுதலான செய்தி. மாதத்திற்கு ஒருமுறை தம் வாசிப்பைக் கைத்தொலைபேசியிற் பதிந்து வைப்பதும் நன்று. நேற்றுக்கும் இன்றுக்கும் இடையே புலப்படாத வளர்ச்சி, மூன்று மாதப் பதிவுகளை ஒருங்கே கேட்கும்போது தெளிவாகும்.

தெரிந்ததை ஒருபுறம் வைத்துவிட்டு மாணவனாக அமரும் பணிவும் வேண்டும். இளையராஜா 1943இல் பிறந்தவர். இளமையிலேயே தமையனாரோடு ஊரூராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர். அத்தகையவர், 1960களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்தபின், தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசையை அடிப்படையிலிருந்து பயின்றார். இலண்டன் திரினிற்றி இசைக்கல்லூரியின் கிற்றார்த் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். அவர்தம் மேதைமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எனினும், இருபதுகளின் நடுவில், தொழிலறிந்த கலைஞர் ஒருவர் மீண்டும் ஆரம்ப பாடத்திற்கு முன் அமர்ந்தார் என்பது எல்லார்க்கும் பயன்படும் செய்தியாகும்.

மீண்டும் தாராபுரத்திற்கு வருவோம். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்கள் வெறிச்சோடின. புத்தளக் கரையில் ஆண்டுக்கணக்கில் அகதிகளாய் வாழ்ந்தவருள் பலர், 2009இல் போர் முடிந்தபின் திரும்பிவந்தனர். இளைஞராய்ச் சென்றவர் நடுவயதினராய் வந்து, கிணற்றைத் தூர்வாரினர், சுவரை எழுப்பினர், கடையைத் திறந்தனர். ஒரே நாளில் ஊர் எழவில்லை. ஒவ்வொரு கல்லாகவே எழுந்தது. நடுவயதில் ஒன்றை அடியிலிருந்து தொடங்குவது அத்தகையோர்க்குப் புதிய பாடமன்று.

ஆகவே, அவ்வணிகர் தம் பிள்ளையின் கேள்விக்கு, "இன்னும் பாட்டாகவில்லை, மகன், ஆகிக்கொண்டிருக்கிறது" என்று விடை கூறட்டும். கருவி மட்டும் மூலைக்குப் போகாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நாளையும் 15 நிமிடம் உண்டு.