தோல் வெட்டிய கை தகடும் வெட்டட்டும்

எங்கள் வளவில் தாத்தா ஒருவர் செருப்புத் தைப்பார். தோலை விரித்துப் போட்டு, கத்தி வைப்பதற்கு முன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரிய அடிகளைக் கரியால் வரைந்த பின், மிஞ்சிய மூலையில் குழந்தைச் செருப்புக்கு வார் எடுப்பார். விரற்கடைத் தோலும் வீணாகாது.

கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் உள்ள லேசர் பட்டறைகளில் கம்ப்யூட்டர் திரையில் நடப்பதும் இதே கணக்குதான். 8 அடிக்கு 4 அடி தகட்டில் எத்தனை பாகங்களை நெருக்கி அடுக்கலாம் என்று பார்க்கிறார்கள். அதற்கு ‘நெஸ்டிங்’ என்று பெயர்.

அடுத்தது வெட்டு. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதம் எரித்திருப்பீர்கள். லேசரும் அப்படித்தான், ஒளியை ஒரு சிறு புள்ளியில் குவிக்கிறது. அந்த இடத்தில் தகடு உருகுகிறது. கூடவே நாசில் வழியாகப் பாயும் வாயு, உருகியதைக் கீழே ஊதித் தள்ளுகிறது. சாதா இரும்புக்கு ஆக்சிஜன். அதில் இரும்பே எரிந்து கூடுதல் சூடு தரும். எவர்சில்வருக்கு நைட்ரஜன், ஓரம் கறுக்காது. வேகமோ வாயு அழுத்தமோ தப்பினால் அடியில் பிசிறு கட்டும். இதற்கு ‘டை’ தேவையில்லை. வரைபடத்தை மாற்றினால் பாகமும் மாறும். அதனால்தான் கிரைண்டர் உடம்பு, பேனல் பெட்டி, மில் மெஷின் மூடி என்று சின்ன ஆர்டருக்கும் இது கட்டுப்படியாகிறது.

உலோகம் வெட்டப் பெரிதும் பயன்பட்ட கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். இப்போது பட்டறைகளில் ஃபைபர் லேசர்தான் அதிகம். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைப் பறித்துவிடும். மூடிய கேபின் அதற்குத்தான்.

சரி, அந்தக் கேபினுக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? நான் பார்த்த பட்டறைகளில் தகடு தூக்குவதும், வெட்டிய பாகம் பொறுக்குவதும், பிசிறு தேய்ப்பதும் நம் பிள்ளைகள். திரைக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் நம்மவரைக் காண்பது அரிது.

இது பழைய கதை. கொங்கு நாட்டில் கவலை இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல் தைத்தவர்கள் அருந்ததியர்கள். கரண்ட் வந்தது. கோவையிலேயே மோட்டார் பம்ப் செய்தார்கள். கிணற்றுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் தாராளமாய்ப் பாய்ந்தது. தோல் தைத்தவருக்கு இருந்த வேலையும் போனது. புது இயந்திரம் வந்தபோது நமக்கு அதில் இடமில்லை.

குலத்தொழில் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலை நம்மேல் சுமத்தினார்கள். அதற்குள்ளும் நம்மவர் வளர்த்த அறிவு நம்முடையது. அதற்கு உரிய இடத்தைத்தான் கேட்கிறோம்.

தம்பி, தங்கைகளே! ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர், ஷீட் மெட்டல் படித்தால் வரைபடம் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கேட் வரைகலையும் சேர்த்துப் படியுங்கள். பட்டறையில் இருப்பவர்கள், ஆபரேட்டர் வேலையைக் கற்றுத்தரும்படி வாய்விட்டுக் கேளுங்கள். சொந்தமாகத் தொடங்க 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

மெஷின் சாதி பார்ப்பதில்லை. அதன் முன்னால் நாற்காலி போடுகிறவர்கள் பார்க்கிறார்கள். அந்த நாற்காலியைக் கேட்டு வாங்குவோம்.