சொல்லாமல் சுமந்த பாரம்

இந்தக் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கச் சிலர் கூச்சப்படலாம். பரவாயில்லை, தனியாக உட்கார்ந்தாவது படியுங்கள். படித்தபின் உங்கள் வீட்டு ஆண்களிடமும் கொடுங்கள்.

என் பெரிய அக்காள் ஜொகூரில் நாங்கள் பிறந்த தோட்டத்தில் பதினான்கு வயதிலேயே பால்மரம் சீவப் போனவர். காண்டாவின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, மேடு பள்ளம் ஏறி இறங்கியவர். திருமணமாகிச் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே நான்கு பிள்ளைகள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் உடம்பு தேறுவதற்குள் துப்புரவு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பள்ளி விடுமுறை விட்டால் நான் பாலம் கடந்து அக்காள் வீட்டுக்குப் போய்விடுவேன். இருவரும் தேக்காவுக்குப் போவோம். வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, சிராங்கூன் ரோட்டில் பூ, மார்க்கெட்டில் மீன், பிறகு ஒரு தேத்தண்ணீர். அந்த அக்காள் சில வருடங்களுக்கு முன் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். "கால் வலிக்குது, நீ மட்டும் போய் வா" என்பார். கோயிலுக்குக்கூட வரமாட்டார். நானும் கால் வலி என்றே நம்பினேன்.

ஓர் இரவு, அறைக் கதவுக்குப் பின்னால் துவைத்த துணித் துண்டுகள் வரிசையாகக் காய்வதைப் பார்த்தேன். கேட்டேன். அக்காள் அழுதுவிட்டார்.

"அடி தள்ளிப் போச்சு, தங்கச்சி. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இருமினா, தும்மினா சேலை நனைஞ்சிடுது. சாமி முன்னால எப்படி நிக்கிறது?"

"அத்தானுக்குத் தெரியுமா?"

"சீ! இதையெல்லாம் ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்றது?"

தாய்மார்களே, நம் லயத்து வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கும் அக்காள்கள் எத்தனை பேரோ!

இது என்ன வியாதி? பிள்ளையைப் போட்டு ஆட்டும் தூளியை நினைத்துப் பாருங்கள். நம் இடுப்பெலும்புக்குள்ளும் அப்படி ஒரு தூளி உண்டு. அது தசையாலும் நாராலும் ஆனது. முன்னால் நீர்ப்பை, நடுவில் கருப்பை, பின்னால் மலக்குடல், இம்மூன்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவத்தில் அந்தத் தூளி விரிகிறது, சில சமயம் கிழிகிறது. அடுத்தடுத்த பிரசவம், பாரம் தூக்குதல், ஓயாத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், மாதவிலக்கு நின்றபின் வரும் தளர்ச்சி எல்லாம் சேர்ந்து அதை இன்னும் தொய்ய வைக்கின்றன. அப்போது உறுப்புகள் கீழே இறங்குகின்றன. அடியில் ஏதோ உருண்டை தட்டுப்படும். மாலையில் பாரம் அதிகமாகும். இது சாபமும் அல்ல, கெட்ட நடத்தையால் வருவதும் அல்ல.

நீர்க் கசிவு இரண்டு வகைப்படும். இருமும்போதும் வாளி தூக்கும்போதும் கசிவது ஒன்று. திடீரென்று அடக்க முடியாத உந்துதல் வந்து, கழிவறையை எட்டுவதற்குள் போய்விடுவது மற்றொன்று. சிலருக்கு இரண்டும் இருக்கும். எந்த வகை என்று தெரிந்துதான் வைத்தியம் செய்ய வேண்டும்.

மறுநாளே அக்காளைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அக்காள் வர மறுத்த அதே தேக்காவுக்குப் பக்கத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி!

அதன் கதையும் கேட்கத்தக்கது. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். அந்த வட்டாரத்தில் அக்காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்ததால் வந்த பெயர். அங்கிருந்த ஆஸ்பத்திரி 1924இல் பிரசவ ஆஸ்பத்திரியானது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அந்நாளில் உலக சாதனை. கணக்குப் போட்டுப் பாருங்கள், நாளொன்றுக்குச் சுமார் 109 குழந்தைகள்! 1997இல் பக்கத்துப் புதிய கட்டடத்துக்கு மாறினார்கள். என் அக்காளின் நான்கு பிள்ளைகளும் பழைய கட்டடத்தில் பிறந்தவர்கள்தாம். பிள்ளை பிறந்தால் ஊருக்கே இனிப்புக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையைப் பெற்றுத் தளர்ந்த உடம்பைப் பற்றி மட்டும் பேச மறுக்கிறோம்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, "உடனே கத்தியை எடுக்க வேண்டியதில்லை" என்றார். முதலில் பயிற்சி. அமெரிக்க டாக்டர் ஆர்னல்டு கீகல் என்பவர் 1948இல் எழுதிப் பரப்பிய பயிற்சி இது. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளிழுத்து, சில விநாடி பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக்கூடாது, வயிற்றையும் முக்கக்கூடாது. தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். கசிவுக்கும் ஆரம்ப நிலை இறக்கத்துக்கும் இது நல்ல பலன் தரும்.

இரண்டாவது வழி, வளையம். சிலிக்கோனால் ஆன வளையத்தை உள்ளே வைத்து, இறங்கியதைத் தாங்கச் செய்வார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துக் கழுவிப் போட வேண்டும். வயதானவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்பவர்களுக்கும் ஏற்றது. அவசர உந்துதல் கசிவுக்கோ நீர்ப்பையைப் பழக்கும் பயிற்சியும் மாத்திரையும்தான் முதல் வைத்தியம்.

அக்காள் ஒரு வருடம் வளையம் வைத்துப் பார்த்தார். இறக்கம் அதிகமாக இருந்ததால், பிறகு அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புவழி மூலமாகவே கருப்பையை எடுத்து, தளர்ந்த முன்சுவரைத் தைத்து, மேல்பகுதியை உள்ளே உறுதியான நாரோடு இணைத்தார்கள். இருமல் கசிவுக்காகச் சிறுநீர்க் குழாயின் கீழே சுமார் ஒரு செண்டிமீட்டர் அகல நாடா ஒன்றை ஏணைபோல் வைத்தார்கள்.

எல்லாருக்கும் கருப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதை வைத்துக்கொண்டே பழுது பார்க்கும் முறையை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் 1888இலேயே செய்திருக்கிறார்.

அறுவைச் சிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரத்தப் போக்கு, கிருமித் தொற்று, நீர்ப்பையில் காயம், சிறிது காலம் சிறுநீர் இறங்காமை ஆகியவை சிலருக்கு நேரலாம். இறக்கம் மீண்டும் வரவும் கூடும். இறக்கத்தைத் தாங்கப் பிறப்புவழியாக வைத்த பெரிய வலைத்துணியால் பல பெண்கள் அவதிப்பட்டதால், அதன் விற்பனையை 2019இல் அமெரிக்க அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஆகவே, "எனக்கு என்ன வைக்கப் போகிறீர்கள்? வேறு வழி உண்டா?" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வீடு திரும்பியபின் ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. தாம்பத்திய உறவும் கூடாது. அந்த ஆறு வாரமும் அத்தான்தான் வாளி தூக்கினார், துணி துவைத்தார். "பன்னிரண்டு வருஷம் என்கிட்ட சொல்லாம இருந்துட்டாளே!" என்று அவர் கண் கலங்கியதை நான் மறக்கமாட்டேன். ஆண்களே, கேட்டீர்களா?

தோட்டத்துச் சகோதரிகளே, சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நம் அரசாங்கக் கிளினிக்கில் சொன்னாலே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். பெண் டாக்டர் வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். மாதவிலக்கு நின்றபின் இரத்தம் பட்டாலோ, சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் இறங்காமல் அடைத்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

போன விடுமுறையில் அக்காளும் நானும் தேக்காவுக்குப் போனோம். வீரமாகாளியம்மன் சந்நிதியில் தீபாராதனை முடியும்வரை அக்காள் நிம்மதியாக நின்றார். வெளியே வந்ததும் பேரனை இடுப்பில் தூக்கப் போனார். "அக்கா, பாரம்!" என்று நான் அதட்டினேன். சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்து நடத்திப் போனார்.