சர்வே எண்ணும் மண்வள அட்டையும்

அ-பதிவேட்டின் நகலை எடுத்துப் பாருங்கள். சர்வே எண், பரப்பு, தீர்வை இவற்றோடு 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே '8-3' என்பது போல ஓர் எண். அருகிலேயே 'மண் தரம்' என்று இன்னோர் எண். பட்டா மாறுதலுக்கும் வங்கிக் கடனுக்கும் அந்த நகலை வாங்குகிறவர்கள் இந்த வரியில் கண்ணை நிறுத்துவதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் நம் வயல்களுக்கு நடந்த மண் பரிசோதனையின் முடிவு அது.

நிலத்தைத் தரம் பிரிப்பது அவர்களோடு தொடங்கியதல்ல. சோழர் கல்வெட்டுகளிலேயே தரம் உண்டு. தரத்துக்குள் வராத 'தரமிலி' நிலமும் உண்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில், விவசாயியிடம் சர்க்கார் நேரடியாகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரி ஊர்களில், அந்தத் தீர்வையை நிர்ணயிக்கும் செட்டில்மென்ட் ஆட்கள் வயல் வயலாக நடந்தார்கள். கரிசலா, செவலா, வண்டலா என்று பார்த்தார்கள். அதற்குள்ளும் களியா, மணற்பாங்கா என்று விரலால் நசுக்கிப் பார்த்து எண் போட்டார்கள். நிகர விளைவில் பாதி சர்க்காருக்கு என்பது அன்றைய கணக்கு. அந்தப் பாதி எவ்வளவு என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் மண்ணைப் பார்த்தார்கள். அந்த மண்ணுக்கு என்ன குறை, என்ன போட்டால் தேறும் என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் வயல்காரர். அவரிடம் இருந்தவை கண்ணும் காலும் நாக்கும்தான். தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் உவர். மழை பெய்து நாலு நாளாகியும் நீர் இறங்காமல் கலங்கி நின்று, காய்ந்ததும் கல்லாக இறுகினால் களர். கிணற்றுத் தண்ணீரை ஒரு மடக்கு வாயில் வைத்துப் பார்த்தே பயிரைத் தேர்ந்தார்கள். வயல் இளைத்தது என்று தெரிந்தால் கோடையில் கிடை போட்டார்கள், குளத்து வண்டல் அடித்தார்கள், கொழிஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுதார்கள். இந்த அறிவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது பல ஆண்டு ஒரே மண்ணில் நின்றவருக்கு, அந்த மண் மெல்ல மாறிய காலத்தில் உதவிய அறிவு. எண்ணூறு அடி, ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் நீர் சில ஆண்டுகளிலேயே மண்ணின் தன்மையை மாற்றிவிடும். மேலே ஒன்றும் தெரியாது. பயிர் மட்டும் ஏனோ தேறாது. உவரா களரா என்பதிலும் கண் ஏமாறும். களருக்கு ஜிப்சம் வேண்டும். வெறும் உவருக்கு வடிகால் வெட்டி, நல்ல நீர் கட்டி, உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் மூட்டை மூட்டையாக வாங்கிய ஜிப்சம் வீண்.

ஆய்வுக்கூடம் வந்தது 1950-களின் நடுவில். தழைச்சத்தைக் கண்டறிய சுப்பையாவும் அசிஜாவும் 1956-இல் வெளியிட்ட பெர்மாங்கனேட் முறை இன்றும் நம் கூடங்களில் நடக்கிறது. தொடக்கத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் உப்பின் நிலையும் கார அமில நிலையும் பார்த்தாலே போதும் என்றிருந்தது. பிறகு குட்டை ரக நெல் வந்தது. விளைச்சல் ஏறியது, மண்ணிலிருந்து எடுப்பதும் ஏறியது. திருப்பிக் கொடுத்ததோ மூன்று சத்துகள் மட்டும். 1966-இல் பந்த்நகரில் நெனே என்ற அறிஞர், நெற்பயிரைப் பழுப்பேற்றி முடக்கிய 'கைரா'வுக்குக் காரணம் துத்தநாகக் குறை என்று காட்டினார். நோய் என்று எண்ணி மருந்து தெளித்தால் தீராதது, துத்தநாகம் கொடுத்ததும் தீர்ந்தது. நடவுக்கு முன் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை இருபது கிலோ மணலில் கலந்து தூவுங்கள், டிஏபியோடு சேர்த்துப் போடாதீர்கள் என்று இன்று நமக்குச் சொல்லும் பரிந்துரை அந்த வழியில் வந்தது.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பார்ப்பவை பன்னிரண்டு: முன்னே சொன்ன ஐந்தோடு அங்ககக் கரிமம், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். நல்ல பட்டியல். என் மனக்குறை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இல்லை, அது யார் வயல் மண் என்பதில்தான். அந்தத் திட்டத்தின் கட்டக் கணக்கில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான். அப்படியென்றால் மூன்று பேர் வயலுக்கு ஒரே மண். ஒருவர் ஆண்டுதோறும் தொழுவுரம் கொட்டுகிறவர், அடுத்தவர் யூரியாவைத் தவிர வேறொன்றும் அறியாதவர், மூன்றாமவர் நிலத்துக்கு ஆழ்துளை நீர்; மூவர் கையிலும் ஒரே எண். வரி வாங்க வயல் வயலாக நடந்த அரசு, பயிர் வளர்க்க வரும்போது கட்டம் போட்டு நடப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே மண்ணை நாமே எடுத்துக் கொடுப்பது நல்லது. அறுவடை முடிந்து, அடியுரம் போடுவதற்கு முன்புள்ள காலம் அதற்கு ஏற்றது. வரப்போரம், வாய்க்காலோரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம் இவற்றை விட்டுவிட வேண்டும். மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' போல ஒரு வெட்டு. நெல்லுக்கு அரை அடி ஆழம், பருத்திக்கும் கரும்புக்கும் முக்கால் அடி. வெட்டிய மண்ணை வெளியே போட்டுவிட்டு, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். இப்படி ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடம். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்திக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். அதைத் துணிப்பையில் போட்டு, பெயரும் சர்வே எண்ணும் எழுதிய சீட்டை உள்ளே வைக்க வேண்டும். உரச்சாக்கில் காயவைத்தால் அந்த மண் கெட்டது. சாக்கில் ஒட்டியிருக்கும் உரமும் முடிவில் சேர்ந்து வரும். ஆய்வுக்கூடத்தில் எத்தனை புதிய கருவி இருந்தாலும் அது அளப்பது பையில் வந்த மண்ணைத்தான்.

அட்டை கைக்கு வந்த பின்னும் ஒரு தடை உண்டு. "அண்ணே, நட்டு இருபது நாளாச்சு, என்ன போடலாம்?" என்று உரக்கடையில் கேட்கிறோம். "ஒரு யூரியா, ஒரு காம்ப்ளக்ஸ் எடுத்துக்குங்க தம்பி" என்று பதில் வருகிறது. கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, விலையே அப்படிப் பேச வைக்கிறது. 1992-இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, யூரியாவுக்கு நீங்கவில்லை. இன்றும் 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு, 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். சாம்பல் சத்து குறைவு என்று அட்டை சொன்னாலும் கை யூரியா மூட்டைக்குத்தான் போகும்.

இப்போது 'தமிழ் மண்வளம்' இணையதளத்திலும் நிலத்தின் மண் விவரத்தைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரிடம் அதில் உள்ள எண்கள் எந்த வயலில் எடுத்த மண்ணுக்கு உரியவை என்று கேளுங்கள். உங்கள் வயல் இல்லையென்றால் துணிப்பையோடு போய் உங்கள் சர்வே எண்ணுக்கே ஒரு முடிவு வாங்குங்கள். ஆழ்துளைக் கிணறு இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுங்கள். பழைய அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அங்ககக் கரிமம் போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, மேலும் இறங்கிக்கொண்டே வந்தால், இந்தக் கோடையில் தக்கைப்பூண்டு விதைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.