தமனி அடைப்பும் இரத்தப் புற்றுநோயும்

திடீரென ஒரு கால் கடுமையாக வலிக்கிறது, வெளிறிக் குளிர்ந்துபோகிறது, பாதத்தின் மேற்புறத்தில் நாடி தட்டுப்படவில்லை. உறைந்த இரத்தம் தமனியை அடைத்துவிட்டது என்பதற்கு இவையே அறிகுறிகள். முதியோரிடமும், புகைபிடிப்போரிடமும், நீரிழிவுற்றோரிடமும் இது நேர்வதில் வியப்பில்லை. வாத சுரத்தால் இதய வால்வு பழுதடைந்தோரிடமும் நேர்வதுண்டு. இக்காரணங்களுள் ஒன்றுமில்லாத இளைஞருக்கு நேருமாயின், இரத்தத்தையே ஐயுறல் வேண்டும். அரிதாகவேனும், இரத்தப் புற்றுநோய் முதன்முதல் இவ்வாறு வெளிப்படுகிறது.

இந்நோய்க்கு 1847-ல் 'லூக்கேமியா' எனப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ. உறைக்கட்டி பெயர்ந்து சென்று வேறிடத்துக் குழாயை அடைக்கும் என நிறுவியவரும் அவரே. இவ்விரண்டும் ஒருவரிடமே கூடுவதன் காரணம் பின்னரே விளங்கலாயிற்று.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருப்பது இயல்பு. இந்நோயாளர் சிலரிடம் அவை 1,00,000-ஐயும் கடந்து, சிறு குழாய்களில் தேங்கி நிற்கும். 1957-ல் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் விவரித்த 'புரோமைலோசைட்டிக்' வகையோ வேறுபட்டது. இதில் எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்தே காணப்படும். எனினும் அந்த அணுக்கள் உறைதலைத் தூண்டும் பொருளை மிகுதியாகத் தாங்கியுள்ளன. உறைதற்குரிய பொருள்கள் செலவழிந்துவிடவே, ஒருபுறம் தமனி அடைபட, மறுபுறம் ஈறும் தோலும் குருதி கசியும்! எனவே அணுக்களை எண்ணுவதோடு அமையாது, இரத்தப் பூச்சினை மைக்ராஸ்கோப்பில் நோக்குவதும் இன்றியமையாததாகிறது. அறுவையால் எடுத்த உறைக்கட்டியையும் சோதனைக்கு அனுப்புதல் நலம்.

தட்டணுக்கள் மிகக் குறைந்திருக்க, அதனை அறியாது உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினைச் செலுத்தினால் பெருங்குருதிப் போக்கு நேரக்கூடும். ஆயினும் தாமதமும் ஆகாது. சுமார் ஆறு மணி நேரத்திற்குள் அடைப்பு நீங்காவிடில் காலையே இழக்க நேரலாம். சுளுக்கென்று கருதிக் கிராமங்களில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதுண்டு. உணர்விழந்த தோல் வெந்துபோகுமாதலால் இது தீங்கானது. நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதே செய்யத்தக்கது.

புரோமைலோசைட்டிக் வகைக்கு 1985-ல் ஷாங்காயில் வாங் ஜென்யீ என்னும் மருத்துவர், வைட்டமின் ஏ-யைச் சார்ந்த ரெட்டினாயிக் அமிலம் ஒன்றை அளித்து வெற்றி கண்டார். சீனத்தின் ஹார்பின் நகரில் 1970-களில் ஆராயப்பட்ட ஆர்செனிக் மருந்தும் பின்னர் இதனுடன் சேர்ந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆர்செனிக்கை மட்டுமே அளித்து நற்பலன் கண்டுள்ளனர். இன்று இவ்வகை நோயாளருள் மிகப் பலர் குணமடைகின்றனர். இறப்போருள் பெரும்பாலோர், மருந்து பயன் தருமுன், முதற் சில வாரங்களிலேயே குருதிப் போக்கால் மாள்கின்றனர்.