பழைய இசைத்தட்டுச் சுழலியும் அதன் மாற்று உறுப்புகளும்

பொறியொன்று பழுதுற்றால் அதனைச் செய்த ஆலைக்கு எழுதிப் புதிய உறுப்பைப் பெறுதல் எளிய வழியாகும். அந்த ஆலையே மறைந்துவிட்டால் யாது செய்வது? பழைய இசைத்தட்டுகளைப் பேணுவோர் எதிர்கொள்ளும் வினா இதுவே. சுழற்றும் பொறி இல்லையேல் தட்டில் பதிந்த பாட்டு ஊமையாகிவிடும். பொருந்தாத உறுப்பைப் பூட்டிய பொறியோ தட்டையே கெடுத்துவிடும். ஆதலின், மாற்று உறுப்பைத் தேடும் முறையை அறிந்திருத்தல் நன்று. இங்கிலாந்தின் கேரார்டு 301 என்னும் சுழலி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இலண்டன் நகரின் கேரார்டு நகை வணிகர்கள், முதல் உலகப் போர்க் காலமாகிய 1915-இல், பீரங்கிப் படைக்குத் தொலைவு காணும் கருவிகளைச் செய்ய ஒரு பொறியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். போருக்குப் பின் அது சுவிண்டன் நகரில் கிராமபோன் பொறிகளைச் செய்யத் தொடங்கியது. அதன் 301 சுழலி 1954-இல் விற்பனைக்கு வந்தது. 1965-இல் 401 அதன் இடத்தைப் பெற்றது. 1960-இல் பிளெசி நிறுவனத்திடமும், பின்னர் பிரேசில் நாட்டு நிறுவனமொன்றிடமும் கேரார்டு கைமாறியது. சுவிண்டன் ஆலை மூடப்பட்ட பின்னும் 301 பல இல்லங்களில் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது.

இப்பொறியில் மோட்டாரின் அச்சில் ஒரு படிக்கப்பி உண்டு. இரப்பர் விளிம்புடைய இடைச்சக்கரம் ஒன்று, அக்கப்பியையும் சுழல்தட்டின் உள்விளிம்பையும் ஒருங்கே தொட்டு, தட்டைச் சுழற்றுகிறது. தட்டின் வேகத்தை அறுதியிடுவது கப்பியின் குறுக்களவே; இடைச்சக்கரத்தின் குறுக்களவன்று. ஆகவே, புதிய இடைச்சக்கரம் அளவிற் சிறிது வேறுபடினும் வேகம் மாறாது. ஆனால் அது வட்டம் பிசகாது இருத்தல் வேண்டும். இரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகும். ஓரிடத்தில் அழுந்திப் பள்ளம் விழுந்தால், சுற்றுதோறும் ஓர் இடிப்பு எழுந்து பாட்டோடு கலந்து ஒலிக்கும். சிறு பட்டறையினர் இன்றும் இச்சக்கரத்தைப் புதிதாகச் செய்கின்றனர். வாங்குமுன், பழைய சக்கரத்தில் எண்ணெய் படிந்துள்ளதா எனத் துடைத்துப் பார்த்தல் அறிவுடைமை.

கப்பியின் நிலை வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னோட்டம், இங்கிலாந்தில் உள்ளது போன்றே, வினாடிக்கு 50 அலைவு உடையது, அமெரிக்காவில் 60. இவ்விரண்டிற்கும் கப்பிகள் வெவ்வேறு. அமெரிக்கக் கப்பியை இங்குப் பூட்டினால் நிமிடத்திற்கு 33⅓ சுற்று வரவேண்டிய தட்டு, ஏறத்தாழ 28 சுற்றே வரும். பாடுவோர் குரல் மூன்று சுரத்தான அளவு தாழ்ந்துவிடும். பொறியிலுள்ள வேகத்திருகி இத்துணைப் பெரிய வேறுபாட்டை ஈடுசெய்யாது. இதனைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. தட்டின் ஓரத்தில் ஒரு தாள்துண்டை ஒட்டி, மூன்று நிமிடச் சுற்றுகளை எண்ணுக. 100 வந்தால் கப்பி சரியானது. 83 வந்தால் அஃது அமெரிக்கக் கப்பி.

சுழல்தட்டின் நடு அச்சைத் தாங்கும் பேரிங்கும் இருவகைப்படும். முற்பட்ட 301-களில் அது கிரீசிலும், பிற்பட்டவற்றில் எண்ணெயிலும் இயங்கும். ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தும் எனக் கருதி வாங்குவது வீண்செலவு. கிரீசு வகையில் எண்ணெயை ஊற்றினால் அது வழிந்தோடிவிடும், அச்சு தேயும்.

ஊசிக்கை இப்பொறியோடு சேர்ந்து வருவதன்று. அதனை வேறு நிறுவனத்தாரிடம் தெரிந்து பொருத்துவர். 1948-இல் வந்த நீண்ட நேர இசைத்தட்டின் வரிப்பள்ளத்திற்கு உரிய ஊசிமுனையின் ஆரம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. 78 சுற்று அரக்குத் தட்டிற்கு அதனினும் இரண்டரை அல்லது மூன்று மடங்கு வேண்டும். பருத்த முனை நீண்ட நேரத் தட்டின் பள்ளத்தைச் சிதைக்கும்; மெல்லிய முனை அரக்குத் தட்டின் பள்ளத்தில் அடிவரை இறங்கி இரைச்சலை எழுப்பும். பொறியின் உறுப்புகளுள் தட்டை நேரே தீண்டுவது ஊசியே. ஆதலின் சிக்கனம் கருதக்கூடாத இடம் இது.

உறுப்புக்காக நல்ல நிலையிலுள்ள மற்றொரு பொறியைப் பிரித்து விற்கும் வழக்கமும் உண்டு. ஒரு பொறியைக் காக்க மற்றொன்றை அழிப்பதால் எஞ்சியுள்ளவை குறையுமேயன்றிப் பெருகா. தேர்ந்த கடைசல் தொழிலாளி, மாதிரி ஒன்று கையில் இருப்பின் கப்பியையும் புதிதாகக் கடைந்து தருவார். ஆகவே முதலில் பொறியின் வகையை அறிதல், அடுத்து அளவெடுத்தல், அதன்பின் தேடுதல் என்பதே முறை. புதியது வந்து பொருந்தி ஓடும்வரை, தேய்ந்த பழைய உறுப்பை எறிந்துவிடலாகாது. ஆலை மூடப்பட்ட பின் அதன் அளவைச் சொல்லக் கையில் எஞ்சியிருப்பது அந்த உறுப்பு ஒன்றே.